வெல்லக் கொப்பரையில் பறவை பார்க்கப் போனது

‘தெரியாது’ என்று சொல்ல எனக்குப் பத்தொன்பது வயது வரை வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொன்னால் பிரம்படி விழும். வீட்டில் சொன்னால் அதைவிட மோசம், எல்லோர் முகமும் வாடிவிடும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்து வாசற்படி மிதித்தவன் நான். வானத்தில் வால்நட்சத்திரம் தெரிந்தாலும் சரி, எருமைக்குக் கழிச்சல் கண்டாலும் சரி, “படிச்ச புள்ளையக் கேளுங்க” என்று என்னிடம்தான் வருவார்கள். நானும் ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. (அந்த எருமை பிழைத்துக்கொண்டது. அதில் என் பங்கு எதுவும் இல்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.)

எங்கள் ஊர் கொல்லிமலைக்கு நேர் கீழே. மலையிலிருந்து இறங்குகிற ஓடை எங்கள் சந்தைப்பேட்டைக்குப் பின்புறம் ஏரியாகத் தேங்கி நிற்கும். பாதி ஏரி தண்ணீர், பாதி ஏரி சம்பங்கோரை. ஒரு கரையில் துணி துவைப்பார்கள், மறு கரையில் மாடு குளிப்பாட்டுவார்கள். நடுவில் இருக்கிற கோரைக்காட்டுக்குள் யாரும் போவதில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று பறவைகளுக்குத்தான் தெரியும்.

எஸ்.எஸ்.எல்.சி. தேறி நான் வீட்டோடு இருந்த வருஷம், தை மாதத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து பயணியர் பங்களாவில் முகாம் போட்டார். காட்டு இலாகாவில் பெரிய உத்தியோகம். அவருக்குப் பறவை பார்ப்பதில் பைத்தியம். ரேஞ்சு ஆபீசில் ஒரு ரைட்டர் வேலை காலியாக இருந்தது. அந்த ஆபீசின் ஹெட் கிளார்க் என் அய்யனுக்குச் சந்தையில் பழக்கம். அவர் அய்யனிடம் சொன்னது இதுதான்: துரைக்கு ஏரியைச் சுற்றிக் காட்ட இங்கிலீஷ் தெரிந்த பையன் ஒருவன் வேண்டும், பறவைகளின் உள்ளூர்ப் பெயர் சொல்ல வேண்டும், ஒரு படகும் வேண்டும். துரைக்குப் பையனைப் பிடித்துவிட்டால் ரைட்டர் வேலை அவனுக்குத்தான்.

அய்யன் கைநாட்டுக்காரர். தாசில் ஆபீசில் கட்டை விரலை மையில் தோய்க்கும்போதெல்லாம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மகன் ஒரு மேஜைக்குப் பின்னால் பேனாவோடு உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் என்னை நாமக்கல்லில் சொந்தக்காரர் வீட்டில் விட்டு ஆறு வருஷம் படிக்க வைத்தார். அன்று சந்தையிலிருந்து வந்ததும் வராததுமாக என்னிடம் கேட்டார்.

“ஏங்கண்ணு, உனக்குப் பறவையெல்லாம் தெரியுமல்லோ?”

“தெரியுங்கய்யா.”

“படகு?”

“அதுக்கென்னங்க, ஏற்பாடு பண்ணிக்கலாம்.”

அய்யனுக்கு அது போதும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே ஹெட் கிளார்க்கிடம் போய், சனிக்கிழமை காலை என்று நாள் குறித்துவிட்டு வந்தார்.

எனக்குத் தெரிந்த பறவைகள் காக்கை, கோழி, மயில், கொக்கு. (புறாவைச் சேர்த்தால் ஐந்து.) படகு என்றால் பாடப்புத்தகத்துப் படம். பரிசல் வேண்டுமென்றால் காவேரிக்குப் போக வேண்டும், வண்டியில் போனால் முழு நாள் ஆகும். வியாழக்கிழமை ராத்திரி வரை யோசித்தேன். வெள்ளிக்கிழமை காலையில் மாமன் தோட்டத்து வழியாக நடந்தபோது, ஆலைக்கொட்டகையில் அது கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன்.

அது வெல்லம் காய்ச்சும் கொப்பரை. இரும்புத் தகடுகளை ஆணி அடித்து இணைத்தது, வட்டமாக, இந்தப் பக்கத்தில் படுத்தவன் கால் நீட்டினால் அந்தப் பக்கம் எட்டாத அகலம், முழங்கால் உயரம். பன்னிரண்டு வருஷமாக அதில் கருப்பஞ்சாறு கொதிக்கிறது. ஒரு சொட்டு கீழே ஒழுகியதில்லை என்று மாமன் கல்யாண வீடுகளில்கூடச் சொல்லிக்கொள்வார். சாறு ஒழுகாத பாத்திரத்துக்குள் தண்ணீர் எப்படிப் புகும்? உள்ளே இருப்பது வெளியே வராது என்றால் வெளியே இருப்பது உள்ளே வராது. தர்க்கரீதியாக இதில் ஒரு குற்றமும் எனக்குத் தென்படவில்லை.

மாமன் ராசிபுரத்தில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார். திங்கட்கிழமைதான் அடுத்த கரும்பு ஆட்டம். அத்தையிடம் கேட்டேன். அத்தைக்கு மனசில்லை. மாமன் வந்ததும் கேட்டுக்கொண்டு எடுத்துப் போகலாமே என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். சர்க்கார் காரியம் என்றேன். வேலை விஷயம் என்றேன். கடைசியில் அத்தை இளகினார்.

“எடுத்துட்டுப் போ சாமி. ஆனா தண்ணீல மட்டும் ஊறப் போட்றாத.”

துருப்பிடித்துவிடும் என்று பயப்படுகிறார் என நினைத்துக்கொண்டேன். அத்தையைக் கொட்டகைத் தூணருகே நிற்க வைத்து, இரும்பு, ஈரம், பிராணவாயு மூன்றும் சேர்ந்து துரு உண்டாகும் விதத்தைக் கால் மணி நேரம் விளக்கினேன். இரண்டு மணி நேரத்தில் துரு ஏறாது என்று நிரூபித்தேன். அத்தை கையில் இருந்த முறத்தைக் கீழே வைக்காமல் முழுவதையும் கேட்டார். பிறகு “செரி கண்ணு” என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கரும்பாட்டம் நடப்பது தை மாசியில். நான் ஆறு வருஷமாகத் தை மாசியில் நாமக்கல்லில் இருந்தேன். எங்கள் வீட்டில் எட்டு வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருந்த ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரியாமல் போனதற்குக் காரணம் படிப்புதான்.

துரை ஏறுகிற வாகனம் சுத்தமாக இருக்க வேண்டாமா? தகடுகள் சேரும் இடங்களிலும் ஆணித் தலைகளைச் சுற்றியும் கறுப்பாக ஏதோ அழுக்கு உறைந்து கிடந்தது. புளி போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. கத்தி முனையால் சுரண்டினேன். பாதி வந்தது. மீதி பாதி கல் மாதிரி பிடித்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன். (அந்தப் பாதியினால்தான் நாங்கள் ஏரியின் நடுப்பகுதி வரை போக முடிந்தது.)

சனிக்கிழமை காலையில் கொப்பரையை வண்டியில் கவிழ்த்து ஏற்றி ஏரிக்குக் கொண்டு போனேன். பேட்டைத் தெருவில் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். நான் நேராகப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். துடுப்புக்கு வெல்லப்பாகு கிண்டுகிற நீளத் துடுப்பையே எடுத்துக்கொண்டேன்.

கரையில் மிளகு மூட்டைமேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மலைமேல் திண்ணனூர் நாட்டிலிருந்து சந்தைக்கு இறங்கி வந்தவர், பெயர் சடையப்பன், முப்பது வயது இருக்கும். மலைக்காரருக்குப் பறவை தெரியாமலா இருக்கும்! கடவுளே அனுப்பிய ஆள் என்று தோன்றியது. விஷயத்தைச் சொல்லி, கூட வந்து பெயர்களைச் சொன்னால் போதும் என்று கெஞ்சினேன்.

அவர் கொப்பரையைச் சுற்றி வந்து பார்த்தார். “ஏனுங்க, இது வெல்லங் காச்சறதுதானுங்களே?” என்றார்.

“ஆமாங்க. இதிலே இப்ப மெதக்கப் போறோம்.”

“படிச்சவிய சொன்னாச் செரியாத்தான் இருக்கும்” என்று சொல்லி மூட்டையைப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு வந்தார். தனக்குத் தெரிந்ததெல்லாம் மலைப்பட்சி, ஏரிப்பட்சி பற்றி ஏரிக்காரரைத்தான் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். அது என் காதில் விழுந்தது. நான் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

துரை வந்தார். நெட்டையானவர், சாந்தமானவர். கழுத்தில் தூரதிருஷ்டிக் கண்ணாடி, கையில் ஒரு நோட்டுப்புத்தகம். கொப்பரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இது இந்தப் பக்கத்து வழக்கமா என்று இங்கிலீஷில் கேட்டார். பரம்பரை வழக்கம் என்றேன். அவர் பூட்ஸ் காலை உள்ளே வைக்கப் போனார். மாமன் அந்தக் கொப்பரைக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டித்தான் ஆட்டம் தொடங்குவார். ஆனால் துரையிடம் யார் சொல்வது? சடையப்பன் சொன்னார். “சாமி, அதுல வெல்லங் காச்சி ஆண்டவனுக்கு வெக்கறதுங்க. செருப்பக் கழட்டிப் போட்டு ஏறுங்க.” துரைக்குத் தமிழ் பாதி புரியும் போலிருக்கிறது. மறுபேச்சில்லாமல் பூட்ஸைக் கழற்றி, கயிறுகளை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாலையாக மாட்டிக்கொண்டு, வைக்கோல் அடைத்த சாக்கின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

கொப்பரை மிதந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த பெருமைக்கு அளவே இல்லை. அய்யன் கரையில் வந்து நின்றிருந்தார். நான் கை காட்டினேன். அவரும் காட்டினார்.

பிறகு துடுப்பைப் போட்டேன். கொப்பரை நகரவில்லை, சுற்றியது. இந்தப் பக்கம் போட்டால் அப்படிச் சுற்றியது, அந்தப் பக்கம் போட்டால் இப்படிச் சுற்றியது. சுற்றிக்கொண்டே, தனக்கு இஷ்டப்பட்ட திசையில், கோரைக்காட்டை நோக்கிப் போயிற்று. துரையின் கண்ணாடி வழியே கொல்லிமலை போனது, சந்தைப்பேட்டை போனது, என் அய்யன் போனார், கோரை போனது, மறுபடி கொல்லிமலை வந்தது. துரை முகம் சுளிக்கவில்லை. எதையாவது தவறவிட்டால், “பரவாயில்லை, மீண்டும் வரும்” என்று பொறுமையாகத் தமிழில் சொன்னார்.

ஒரு சுற்றில், இலைகளின்மேல் நடந்துபோகிற நீண்ட விரல் பறவை ஒன்றைக் காட்டி இதன் உள்ளூர்ப் பெயர் என்ன என்றார். நான் முழங்கையால் சடையப்பனை இடித்தேன்.

“கோழிங்க” என்றார் அவர்.

“என்ன கோழி?” என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“தண்ணீல இருக்கற கோழிங்க. வேறென்னத்தச் சொல்லட்டுங்க?”

மாமன் தோட்டம்தான் ஞாபகத்துக்கு வந்தது. “கரும்புக்கோழி” என்றேன். துரை எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார். அடுத்தது கறுப்பாக, நெற்றியில் வெள்ளையாக. “நாமக்கோழி” என்றேன். (இது உண்மையிலேயே அதன் பெயர் என்று பல வருஷம் கழித்துத் தெரிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.) அந்த வெற்றியில் தைரியம் ஏறிவிட்டது. கரணங் கொக்கு, தாசில் நாரை, மிளகு தின்னி என்று வாரி வழங்கினேன். துரையின் நோட்டு நிறைந்துகொண்டே வந்தது. சடையப்பன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுற்றுகிற வாகனத்தில் ஒரு கஷ்டம் உண்டு. பார்த்த பறவையே திரும்ப வரும். நீண்ட விரல்காரி மறுபடி எதிரே வந்தபோது துரை அதைக் காட்டினார். நான் முன்பு சொன்னதை மறந்து “தாமரைத் தாரா” என்றேன். துரை நோட்டைப் பின்னால் புரட்டினார். போன சுற்றில் இது கரும்புக்கோழியாக இருந்ததே என்றார், ரொம்ப மரியாதையாக.

“அது ஆண், இது பெண்” என்றேன்.

துரை என்னை நிதானமாகப் பார்த்தார். எழுதவில்லை.

அப்போதுதான் என் காலில் ஈரம் பட்டது. துரைக்கும் பட்டிருக்க வேண்டும். சாக்கைத் தூக்கிப் பார்த்தார், அடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். இது எப்படி வந்தது என்று கேட்டார்.

வெளியே குளிர்ந்த ஏரி, உள்ளே மூன்று மனிதர்களின் உஷ்ணம், ஆகவே இரும்புக்கு வியர்க்கிறது என்றேன். சயின்ஸ் பாடத்தில் அப்படி ஒன்று இருந்தது. துரை தலையை மெதுவாக ஆட்டினார்.

வியர்வை ஆடுசதைக்கு ஏறியது. துரை கழுத்திலிருந்து பூட்ஸைக் கழற்றி ஒன்றைச் சடையப்பனிடம் கொடுத்தார், இன்னொன்றால் தானே தண்ணீர் இறைக்கத் தொடங்கினார். ஒரு பூட்ஸ் நிறையப் போனால் இரண்டு பூட்ஸ் வந்தது. சடையப்பன் இறைத்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டவர், நின்று, உதட்டை நக்கினார். மறுபடி ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார்.

“ஏனுங்க,” என்றார், “தண்ணி தித்திக்குதுங்களே.”

நானும் நக்கிப் பார்த்தேன். தித்தித்தது.

அத்தை முறத்தோடு நின்றது கண்ணுக்குள் வந்தது. அந்தக் கொப்பரையின் ஆணி ஓட்டைகளையும் தகட்டுச் சந்துகளையும் பன்னிரண்டு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்தது இரும்பு அல்ல, வெல்லம். பாகு இறங்கி, நெருப்பில் கருகி, கல்லாக இறுகி அடைத்த அடைப்பு. சாறு கொதிக்கக் கொதிக்க அது இன்னும் இறுகும். பச்சைத் தண்ணீரில் ஊறினால் கரையும். நான் கத்தியால் சுரண்டியது அழுக்கு அல்ல.

துரை இரண்டாம் தரமாகக் கேட்டார். தண்ணீர் ஏன் வருகிறது?

அன்று காலை முழுவதும் அவர் கேட்ட கேள்விகளில் எனக்கு உண்மையாகவே விடை தெரிந்த ஒரே கேள்வி அதுதான். கொப்பரை விளிம்பும் ஏரியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன. மூவரும் எழுந்து நின்றோம், உள்ளே முழங்கால் தண்ணீர். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வெல்லம், கத்தி, அத்தை, பரம்பரை வழக்கம் என்ற பொய், கரும்புக்கோழி, தாசில் நாரை, இரும்பின் வியர்வை, எல்லாம். இலக்கணப் பிழை இல்லாத இங்கிலீஷில் சொன்னேன் என்று நினைக்கிறேன். “ஐ பெக் யுவர் பார்டன்” என்று முடித்தபோது கொப்பரையும் சத்தமில்லாமல் கீழே போயிற்று.

ஆழம் மார்பளவுதான். ஆனால் சேறு காலைப் பிடித்துக்கொண்டது. “அசையாதீங்க. அசைஞ்சா இன்னும் எறங்கும்” என்றார் சடையப்பன். கரையில் அய்யன் ஓடுவதும், மாடு குளிப்பாட்டுகிறவர்கள் வடக்கயிறு தேடுவதும் தெரிந்தது. துரை நோட்டைத் தொப்பிக்குள் வைத்துத் தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டார். கோரைக்கு நடுவே மூன்று தலைகளாக, அசையாமல் நின்றோம்.

சுற்றுகிற இரும்புக்குப் பயந்து விலகிப் போயிருந்த பறவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எங்களை அவை மனிதராகவே மதிக்கவில்லை. நாமக்கோழி ஒன்று என் மோவாய்க்கு ஒரு முழம் தள்ளி நீந்திப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் துரை மூச்சை இழுத்துப் பிடித்தார். எங்களுக்கு நேர் எதிரே, இவ்வளவு நேரம் காய்ந்த கோரை என்று நான் நினைத்திருந்தது கோரை அல்ல, ஒரு பறவை. அலகை வானத்துக்கு நீட்டி, கோரை நிறத்தில், காற்றுக்குக் கோரை ஆடினால் தானும் ஆடிக்கொண்டு நின்றது. அதன் மஞ்சள் கண் மட்டும் எங்கள்மேல் இருந்தது.

இதன் பெயர் என்ன என்று துரை உதட்டை அசைக்காமல் கேட்டார்.

“தெரியாதுங்க” என்றேன்.

“எனக்குந் தெரியாதுங்க சாமி,” என்றார் சடையப்பன். “நானும் இப்பத்தான் பாக்கறேன்.”

கயிறு வரும் வரை மூவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அந்த அரை மணி நேரம்போல நிம்மதியாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

கொப்பரையை இரண்டு ஜோடி மாடு கட்டி இழுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாமன் வந்தார். விரலைச் சந்துகளில் விட்டுப் பார்த்தார், என்னைத் திட்டவில்லை. திங்கட்கிழமை ஆட்டத்தில் அடுப்பு வாயில் என்னை உட்கார வைத்தார், அவ்வளவுதான். சாறு ஊற்றினால் அடியில் ஒழுகி நெருப்பை அணைத்தது. மூன்று தரம் அணைந்தது, மூன்று தரம் நான் ஊதி மூட்டினேன். நாலாம் தரத்தில்தான் பாகு தானே சந்துகளை அடைத்துக்கொண்டது. அந்த வெல்லத்தில் ஏரிச்சேறு மணத்தது. சந்தையில் முகர்ந்தவர்கள் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். வருஷம் முழுக்க நாங்களேதான் தின்றோம். பொங்கல், பாயசம், கச்சாயம் எல்லாவற்றிலும் ஏரி இருந்தது.

ரேஞ்சு ஆபீசுக்குத் துரையின் கடிதம் வந்தது. ஹெட் கிளார்க் அய்யனைக் கூப்பிட்டு, தமிழில் வாசித்துச் சொன்னார். நானும் கதவோரம் நின்றிருந்தேன்.

“பையனுக்குப் படகு தெரியாது. பறவை தெரியாது. இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தவுடன் உண்மையைச் சொல்லுகிறான். காட்டில் எல்லா இடத்திலும் முழங்கால் அளவு தண்ணீர் கிடைக்காதாகையால், இந்த வேலைக்குச் சிபாரிசு செய்ய இயலவில்லை.”

வீட்டுக்கு வரும் வழியில், பாதி தூரம் தாண்டிய பிறகு அய்யன் கேட்டார். கோபமாக அல்ல, கணக்கு ஒன்று இடிக்கிறது என்பது போல.

“கணுக்காலுக்கு வந்தப்பவே சொல்லியிருக்கலாமல்லோ கண்ணு?”

பொழுது சாய்வதற்குள் அந்தக் கேள்வி மாமன் வீடு வரை போய்விட்டது.

அடுத்த வருஷம் திண்ணனூர் நாட்டில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். சமவெளியிலிருந்து மலையேறி வர வாத்தியார் யாரும் சம்மதிக்கவில்லை. சடையப்பன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். “எங்க நாட்டுல ஏரி கெடையாதுங்க,” என்று அய்யனிடம் உறுதி கொடுத்தார். “தம்பி முழுகாது. அனுப்பி வையுங்க.” ஏழு வருஷமாக அங்கேதான் இருக்கிறேன். எனக்கு ஒரு மேஜை உண்டு, பேனாவும் உண்டு. அய்யன் ஒரு தரம் நடந்தே மலையேறி வந்து, அந்த மேஜையை ஓரமாகத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

பழக்கம் மட்டும் முழுதாகப் போகவில்லை. இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாமன் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். மண்ணெண்ணெய் ஏன் கிடைக்கவில்லை என்று யாரோ கேட்க, நான் ஜெர்மனியில் ஆரம்பித்து, கப்பல்கள் வழியாக, சூயஸ் கால்வாய்க்கு வந்துகொண்டிருந்தேன். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த அத்தை என் எதிரே வந்து நின்றார். ஒரு கையில் பாயசப் பாத்திரத்தை இடுக்கிக்கொண்டு, மறு கையால் சேலைக் கரையை, தண்ணீருக்குள் கால் வைக்கிறவர் மாதிரி, கணுக்காலுக்கு மேல் ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்தார்.

கூடமே சிரித்தது. நான் சூயஸ் கால்வாயிலேயே நிறுத்திக்கொண்டேன்.